பஞ்சுருட்டான் வளை

மார்ச் 9, சனி

இன்றும் படத்தில் பச்சை வரவில்லை. மூன்று தாள் பாழ். "அசல் இலைப் பச்சைம்மா" என்று கடைக்காரர் தலையில் கட்டிய டியூபைக் கண்மாயிலேயே வீசிவிட்டு வந்திருக்க வேண்டும். பஞ்சுருட்டான் குருவியின் பச்சை இலைப் பச்சை இல்லை. வெயில் படும்போது முதுகில் பொன் மினுக்கம் வரும், நிழலுக்குப் போனால் தொண்டையில் நீலம் தெரியும். அலகிலிருந்து கண் வழியாகப் பின்னால் ஓடும் ஒரு கறுப்புக் கோடு. வாலின் நடுவில் கம்பி போல நீண்ட இறகு. எல்லாம் எனக்குத் தெரியும். கைக்குத் தெரிய மாட்டேன் என்கிறது.

சேந்தன் கண்மாயின் தென்கரையில், மழைத் தண்ணீர் அறுத்துவிட்ட மண்சுவரில் வளை தோண்டியிருக்கின்றன. ஒரே ஒரு ஜோடி. ஒரு எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு வாய். உள்ளே கை நீளத்துக்கு மேல் போகும் என்று படித்திருக்கிறேன். ஒன்றுக்கு வால் கம்பி பாதியில் ஒடிந்திருப்பதால் எது எது என்று அடையாளம் தெரிகிறது.

வீட்டுக்கு வரச் சற்று நேரமாகிவிட்டது. கீழ்வீட்டு ரெஜினாவின் முகம் சரியில்லை. காலையில் நான் இல்லாத நேரம் அப்பாவோடு இருப்பவள் அவள்தான். அவளும் வேலைக்குப் போகிறவள். ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 14, வியாழன்

அப்பாவின் முதுகில் புண் ஆறிவருகிறது. பவுடர் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். போர்வை இரண்டு, லுங்கி மூன்று துவைத்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து இரண்டு வருடமாகிறது. பள்ளிக்கூட அலுவலக வேலையை அப்போதுதான் விட்டேன். பேச்சு குழறும். தெளிவாக வருகிற சொல் ஒன்றே ஒன்று: "சோலை." பெங்களூரில் இருக்கிற என் தம்பி சோலைராஜ். கஞ்சி வேண்டுமென்றாலும் "சோலை", திரும்பிப் படுக்க வேண்டுமென்றாலும் "சோலை". "இந்தா வந்துட்டேன்ப்பா" என்று நான் போய் நிற்கிறேன். பழகிவிட்டது.

கண்மாயில் ஆடு மேய்க்கிற ஒச்சம்மா இன்று என் பக்கத்தில் குந்திக்கொண்டு படத்தையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏத்தா, அது பாம்பு வளையில்ல? ஒரு கல்ல வச்சு அடச்சுப்புடுங்க. என் ஆட்டுக்குட்டி மொகத்த வைக்கும்."

"அது குருவி வளை. கிட்டப் போயிராதீங்க."

"குருவி மண்ணுக்குள்ளயா இருக்கும்?" என்று சிரித்தாள். அவள் சிரித்ததில் படத்தில் கண் கோணிவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

குஞ்சு பொரித்துவிட்டது! இரண்டும் மாறி மாறி இரை கொண்டுபோகின்றன. தேனீ, தட்டான், ஒரு தடவை பெரிய வண்ணத்துப்பூச்சி. மண்சுவரில் காதை வைத்துக் கேட்டேன், உள்ளே சன்னமான இரைச்சல். என்னைப் பார்த்திருந்தால் ஒச்சம்மா இன்னும் சிரித்திருப்பாள்.

சோலை சனிக்கிழமை வருகிறானாம். போன வருடம் பொங்கலுக்கு வந்தவன்.

மார்ச் 23, சனி

வந்தான். அப்பாவுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி வந்திருக்கிறான். மதுரையில், பங்குனி வெயிலில். அப்பா அதை இடக்கையால் தடவிக்கொண்டே அழுதார். சோலை அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, "அக்கா, அப்பா ஈரமா இருக்காரு போல" என்று எழுந்து மாடிக்குப் போய் போன் பேச ஆரம்பித்தான்.

அவனுடைய கேமரா பை அப்பாவின் மருந்து மேசையைவிடப் பெரிது. 'ராஜ் சோலை' என்ற பெயரில் அவன் போடும் பறவைப் படங்களைப் பார்க்க எங்கெங்கோ ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கும் பெருமைதான். தெருவில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறேன்.

சாப்பிட்ட பிறகு என் படங்களைப் புரட்டினான்.

"நல்லாருக்குக்கா. பொழுதுபோகும்ல."

"நாளைக்குக் காலைல வா. பஞ்சுருட்டான் காட்டுறேன்."

"வளையா? குஞ்சு இருக்கா?" கண் பளிச்சென்றது. சின்ன வயதில் பார்த்த அதே பளிச்.

மார்ச் 24, ஞாயிறு

அழைத்துப்போனேன். தூரத்தில் நிற்கச் சொன்னேன், நின்றான். ஆனால் பொறுமை இல்லை. பறவை இரையோடு வந்து கண் இமைப்பதற்குள் வளைக்குள் போய்விடுகிறது. நூறு படம் எடுத்திருப்பான், ஒன்றிலும் திருப்தியில்லை.

"சட்டுனு உள்ள பூந்துருதுக்கா. வாசல்ல ஒரு நிமிசம் நின்னா போதும். எங்க இருக்கப்போகுது அந்தப் படம்!"

"உனக்காக அது நிக்குமா? அதுக்கு வேலை இருக்கு."

"நீயெல்லாம் எப்படிக்கா வரையுற?"

"தினமும் வந்து பார்த்துத்தான்."

அவன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 25, திங்கள்

மத்தியானம் தனியாகப் போனான். வெளிச்சம் சாய்ந்தால் நன்றாக இருக்கும் என்றான். நான் அப்பாவுக்குப் பிசியோதெரபிக்காரரை வரச்சொல்லியிருந்தேன். சோலையும் கூட இருந்து கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் இன்றைக்கு வரச்சொன்னது. போகட்டும்.

திரும்பி வந்தபோது முட்டி, முழங்கை எல்லாம் செம்மண். முகம் பூராவும் சிரிப்பு.

"கெடச்சிருச்சுக்கா! என் வாழ்க்கையிலயே இப்படி ஒரு ஷாட் எடுத்ததில்ல!"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினான். சப்பாத்திப் பொட்டலத்தை மறந்துவிட்டான். சவரப் பெட்டியை மறந்துவிட்டான். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவும் மறந்துவிட்டான். வாசலில் நின்று நான் ஞாபகப்படுத்தியதும் ஓடிவந்து அவர் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனான். மெத்தை விரிப்பில் ஒட்டிய செம்மண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். அவன் மறந்த சப்பாத்தியைக் கஞ்சியில் ஊறவைத்து அப்பாவுக்குக் கொடுத்ததும், "சோலை" என்றார். "பஸ் ஏறிட்டான்ப்பா" என்றேன்.

மார்ச் 26, செவ்வாய்

போகவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல்.

மார்ச் 27, புதன்

இத்தனை நாளில் இதுதான் படம்! பச்சை வந்துவிட்டது. மஞ்சளை முதலில் அடியில் விட்டு, காய்ந்த பிறகு மேலே பச்சையை மெல்லியதாக ஓட்டவேண்டும். இவ்வளவுதானா என்று இருக்கிறது.

பறவைகளும் இன்று எனக்கென்றே உட்கார்ந்தன. கருவேலங்கிளையில் அலகில் தட்டானோடு, உள்ளே போகாமல், தின்னவும் செய்யாமல், வெகு நேரம். மண்சுவர் வரைக்கும் போய்ச் சிறகை அடித்துவிட்டுத் திரும்பக் கிளைக்கே வந்தன. ஒடிந்த வால்காரி அலகை மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு இறகாகப் பார்த்து வரைந்தேன். வரும் வழியில் பாடிக்கொண்டே வந்தேன் போலிருக்கிறது, ரெஜினா சிரித்தாள்.

மார்ச் 28, வியாழன்

நகத்தில் இன்னும் செம்மண் இருக்கிறது.

வளை இல்லை. வளை இருந்த இடத்தில் மண் பூசி மெழுகியிருந்தது. நேற்று நான் உட்கார்ந்திருந்த தூரத்திலிருந்து பார்த்தால் சுவர் போலத்தான் தெரியும். நகத்தால் சுரண்டினேன். உள்ளே துணி. இழுக்க இழுக்க வந்தது. மஞ்சள் நிறம், மெத்தென்ற துணி, தண்ணீரில் நனைத்துத் திணித்திருந்ததால் இறுகிப்போயிருந்தது. காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் எறும்புச் சாரை ஒன்று வளைக்குள் போக ஆரம்பித்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பறவை இரண்டும் வரவில்லை.

ஒச்சம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். எழுந்து போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

"இது நீங்க செஞ்ச வேலைதானே? பாம்பு வளை, அடைக்கணும்னு சொன்னது யாரு?"

"ஆத்தாடி, நானா? நான் எதுக்கு அடைக்கிறேன்?"

"பொய் சொல்லாதீங்க. உள்ள குஞ்சு இருந்துச்சு. செத்துப்போச்சு. எல்லாம் செத்துப்போச்சு. உங்களுக்கு ஆட்டுக்குட்டிதான் பெருசு!"

இதற்கு மேலும் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். கண்மாயில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். ஒச்சம்மா அந்தத் துணியை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"இந்த மாதிரித் துணிக்கு நான் எங்கிட்டுப் போவேன்? திங்கக்கெழம மத்தியானம் உங்க தம்பி இங்கன படுத்துக் கெடந்தாரு. அவரக் கேளுங்க மொதல்ல."

"என் தம்பியப் பத்திப் பேசாதீங்க!" என்றேன். "அவனுக்குப் பறவைன்னா உயிரு."

துணியை என் காலடியில் போட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 29, வெள்ளி

புதன்கிழமை வரைந்த படத்தைக் கிழித்துவிட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. துணி துவைக்கவில்லை. அப்படியே கிடக்கிறது. சோலைக்குப் போன் பண்ணவில்லை. அவனுக்கு வேலை இருக்கும்.

ஏப்ரல் 3, புதன்

சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் சோலையின் படம் வந்திருக்கிறது. ஏதோ ஒரு கேமரா கிளப் நடத்திய போட்டியில் முதல் பரிசாம். படத்துக்குப் பெயர், 'காத்திருக்கும் தாய்மை'.

அலகில் தட்டான். சிறகு இரண்டும் விரிந்து, வெயில் ஊடுருவி, செம்பு நிறத்தில் எரிகிறது. ஒடிந்த வால். மண்சுவருக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நிற்கிறாள். இதைவிட நல்ல படத்தை நான் பார்த்ததில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். கீழே கைகூப்பு, பூங்கொத்து, "தாய்க்கு நிகர் யாரு", "கடவுளின் படைப்பே படைப்பு".

விரல்களால் இழுத்துப் பெரிதாக்கினேன். அந்தச் சுவரை எத்தனை தடவை வரைந்திருப்பேன்! மேலே தொங்குகிற வேர், அதற்குக் கீழே வெள்ளைக் கல், கல்லுக்கு இடப்பக்கம் வளை. வேர் இருக்கிறது. கல் இருக்கிறது. வளை இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் காயாத மண்.

போன் பண்ணினேன்.

"பார்த்தியாக்கா? எப்படி?"

"மஞ்சத் துணி உன்னுதா?"

மெதுவாக, "எந்தத் துணி?" என்றான்.

"சோலை!"

"அக்கா... ஒரு பத்து நிமிசத்துக்குத்தான்க்கா. நெறைய பேரு செய்யுறதுதான். வாசல்ல கொஞ்சம் தடுத்தா வெளிய நிக்கும், படம் எடுத்துட்டு உருவிறலாம். உருவணும்னுதான் இருந்தேன். பஸ்ஸுக்கு லேட்டாயிருச்சா, அந்த அவசரத்துல..."

"அவசரத்துல?"

"மறந்துட்டேன்க்கா."

மறந்துவிட்டானாம்.

"சாரிக்கா, மனசு கஷ்டமாத்தான் இருக்கு. அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன். தரையைத் துடைத்தேன். துடைத்த தரையையே மறுபடியும் துடைத்தேன்.

ஏப்ரல் 4, வியாழன்

ஒச்சம்மாவைத் தேடிப் போனேன். மடைப்பக்கம் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்பு என் பேர்லதான். என் தம்பிதான் அடைச்சிருக்கான். உங்களைப் பேசுனதுக்கு மன்னிச்சிருங்க."

"மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? அம்புட்டுப் பேரு முன்னாடி கொலகாரி மாதிரி நிக்க வச்சீகளே. இப்ப யாருமில்லாத எடத்துல வந்து மெல்லமாச் சொல்றீக."

சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"சரி, அது கெடக்கட்டும். உங்க தம்பியவும் இப்பிடித்தான் வஞ்சீகளா?"

"இல்ல" என்றேன்.

"அதான" என்றாள். குச்சியைத் தூக்கி ஆடுகளை விரட்டினாள்.

அங்கிருந்து நேரே துணி துவைக்கிற படித்துறைக்குப் போனேன். போன வாரம் வேடிக்கை பார்த்தவர்களில் மூன்று பேர் இருந்தார்கள். ஒச்சம்மா செய்யவில்லை, என் கூடப்பிறந்தவன்தான் செய்தான் என்று சத்தமாகச் சொன்னேன். ஒருத்தி சோப்பு நுரைக் கையோடு, "விடுங்கக்கா, குருவிதான" என்றாள். அவளையும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

கேமரா கிளப்பின் பக்கத்தில் அந்தப் படத்துக்குக் கீழே எழுதினேன்: 'இது காத்திருப்பு இல்லை. படத்துக்காக வளை வாசலைத் துணியால் அடைத்திருக்கிறார்கள். பிறகு எடுக்க மறந்துவிட்டார்கள். உள்ளே இருந்த குஞ்சுகள் செத்துவிட்டன. படம் எடுத்தவர் என் தம்பி. வளையைக் காட்டியவள் நான்.'

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். காலையிலிருந்து போன். சித்தி கேட்கிறாள், "ஒரு குருவிக்காகக் கூடப்பிறந்தவனச் சந்தி சிரிக்க வைப்பியாடி? உனக்குன்னு வேற யாரு இருக்கா?" மாமா சொல்கிறார், வயசாகிறதாம் எனக்கு, டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். அப்பாவை வந்து பார்க்க நேரமில்லாதவர்கள் எல்லோருக்கும் இன்றைக்கு நேரம் இருக்கிறது.

முதுகுப் புண் மறுபடியும் சிவந்திருக்கிறது. கவனிக்காமல் விட்டுவிட்டேன். இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் போடவேண்டும்.

ஏப்ரல் 13, சனி

சோலை வந்தான். கேமரா பை இல்லாமல். ஷேவ் பண்ணவில்லை. உட்காரக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டான்.

"என்னை எல்லா குரூப்லயும் எடுத்துட்டாங்க. ஆபீஸ்ல வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. என்னைத் திட்டு, அடி. வீட்டுக்குள்ள வச்சு என்ன வேணா செய். வெளில எழுதணுமா?"

"வெளிலதானே பரிசு வாங்குன?"

"இப்ப ஒரு வரி எழுதுக்கா. 'தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், வேற யாரோ அடைச்சிருக்காங்க'ன்னு. அந்த ஆடு மேய்க்கிற அம்மாதான் பாம்புன்னு சொல்லிச்சுன்னு அன்னைக்குக் கண்மாய்ல நீயே சொன்னேல்ல?"

நான் அப்பாவுக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டேன். வைத்தேனா, எறிந்தேனா தெரியவில்லை, சுவரில் மருந்து வழிந்தது.

"வெளிய போடா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நீ இங்கயே இரு" என்று வந்தது.

"என்னது?"

"இரு. நான் போறேன்."

"எங்கக்கா போற?"

"படம் வரைய."

அறைக்குள் போய்ப் பையை எடுத்தேன். இரண்டு சேலை, தாள், வண்ணப் பெட்டி. அவன் பின்னாலேயே வந்தான். நான் மடமடவென்று சொல்லிக்கொண்டே போனேன். காலை மாத்திரை நீல டப்பா, ராத்திரி மாத்திரை வெள்ளை டப்பா. கஞ்சி நீராக இருந்தால் புரையேறும், கெட்டியாகக் கரைக்க வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் போடு, புண்ணைத் துடைத்துப் பவுடர் போடு. மலம் போனால் உடனே கழுவிவிடு, காயவிடாதே. சந்தேகம் என்றால் கீழே ரெஜினா இருக்கிறாள், டாக்டர் நம்பர் பிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்லக்கா."

"எனக்கு மட்டும் இருந்துச்சா?"

கட்டிலில் இருந்து அப்பா கூப்பிட்டார். "சோலை."

பழக்கத்தில் நான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். பிறகு நின்று, "கூப்பிடுறாரு, போ" என்றேன்.

ரெஜினாவிடம் விவரம் சொன்னபோது, "ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு செய்யுறீங்க" என்றாள்.

ஏப்ரல் 14, ஞாயிறு. கூந்தன்குளம்

நேற்றே நாங்குநேரிக்கு பஸ் பிடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த எஸ்தர் வீட்டில் தங்கியிருக்கிறேன். வருடப் பிறப்புக்கு எனக்காகப் பாயசம் வைத்தாள். காரணம் கேட்கவில்லை.

இங்கே நாரைகள் ஊருக்குள்ளேயே மரத்தில் கூடு கட்டியிருக்கின்றன. கீழே டீக்கடை, மேலே குஞ்சுகள். எச்சம் விழுந்த வேட்டியோடு ஆட்கள் சாதாரணமாக நடந்துபோகிறார்கள். மஞ்சள் மூக்கு நாரை தொண்டையிலிருந்து மீனைக் கொட்டுகிறது, குஞ்சுகள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு தின்கின்றன. நாள் முழுக்க வரைந்தேன். ஒரு படமும் சரியில்லை. கோடு எல்லாம் தாளைக் கிழிக்கிற மாதிரி அழுந்தி விழுகிறது. சாயங்காலம் எழுந்தபோதுதான் தெரிந்தது, யார் முகம் சுளிக்குமோ என்று வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. அதற்கும் ஆத்திரமாகத்தான் வந்தது.

அப்பாவை நினைக்கவில்லை என்று எழுத முடியாது. ரெஜினாவுக்கு நாலு தடவை போன் பண்ணினேன்.

ஏப்ரல் 17, புதன். கூந்தன்குளம்

சோலை போன் பண்ணினான். குரல் கம்மியிருந்தது.

"அப்பா தூங்கவே மாட்டேங்குறாருக்கா. தட்டத் தட்டிவிடுறாரு. நேத்து மூணு தடவை கழுவி விட்டேன். எப்பக்கா வருவ? எனக்கு லீவு முடிஞ்சிருச்சு."

"லீவ நீட்டு."

"நீட்டிட்டேன். அதுவும் முடியுது."

"எனக்கு அந்தப் பிரச்சினை வரல. வேலையவே விட்டுட்டேன்ல."

பின்னால் அப்பா ஏதோ குழறினார். "இருங்கப்பா, வர்றேன்" என்றான் அவரிடம். பிறகு என்னிடம் கேட்டான். கோபமாக இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டான்.

"ஏன்க்கா இவ்வளவு கோவம்? அந்தக் குஞ்சுகளுக்காகவா?"

"ஆமா" என்றேன். "குஞ்சுகளுக்காகத்தான்."

போனை வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன். கொஞ்ச நேரம் வரையாமல் உட்கார்ந்திருந்தேன்.

குஞ்சுகளுக்காகத்தான். இங்கேயும் அப்படியே எழுதிவைக்கிறேன்.